உண்டும் உருகும் உடல்

கொட்டாஞ்சேனையிற் பிறந்து வளர்ந்து, உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியபின் வெள்ளவத்தையில் மகள் வீட்டோடு வந்து தங்கியிருக்கும் பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். அவர் விரலில் ஒரு பவுண் மோதிரம் உண்டு. கலியாணத்துக்கென்று செட்டியார் தெருவிலே சொல்லிச் செய்வித்த மோதிரம். ஒரு நாள் அவரோடு கதைத்துக்கொண்டிருந்தபோது அம்மோதிரத்தின் உட்புறத்தில் வெள்ளை நூல் சுற்றப்பட்டிருப்பதைக் கண்டோம். "விரல் மெலிந்துவிட்டது, கை கழுவும்போது கழன்று விழப் பார்க்கிறது" என்று சொல்லிச் சிரித்தார். சில மாதங்கள் கழித்து மறுபடியும் சென்றபோது நூற்சுற்று முன்னையிலும் தடித்திருந்தது. இம்முறை அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு நீண்ட காலமாக நீரிழிவு. அதன் வழியே சிறுநீரகங்களும் பழுதடைந்துவிட்டன. மகள் கண்ணுங் கருத்துமாகப் பார்த்து வருகிறார். சிறுநீரகத்துக்கு ஆகாது என்று பலரும் சொன்னவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினார். பருப்பை நிறுத்தினார், மீனை நிறுத்தினார், முட்டையை நிறுத்தினார். ஈற்றில் கஞ்சியும் இரசமும் ஒரு மரக்கறியும் என்ற அளவிலே தகப்பனாரின் உணவு வந்து நின்றது. "அப்பாவின் நிறை குறையவே இல்லை, சேர். போன முறையிலும் பார்க்கக் கிரியேற்றினின்கூட இறங்கியிருக்கிறது" என்று ஆய்வுகூடத் துண்டை எம்மிடம் காட்டி மகிழ்ந்தார். நாமும் மகிழ்ந்தோம். மெலிவை முதுமையின் கணக்கிலே எழுதிவிட்டோம்.

அடுத்த கிழமை வைத்தியர் அத்துண்டைப் பார்த்தார்; பிறகு பெரியவரைப் பார்த்தார். "ஐயா, கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து ஒருமுறை எழும்புங்கள், பார்ப்போம்" என்றார். பெரியவரால் எழும்ப முடியவில்லை.

நிறை குறையவில்லை. கிரியேற்றினின் இறங்கியிருக்கிறது. ஆயினும் கதிரையை விட்டு எழும்பும் வலு இல்லை. இம்மூன்றும் ஒருவரிடத்தில் ஒருங்கே நிகழ்வது எங்ஙனம்? இக்கேள்வியோடு வீடு திரும்பிய நாம் சில காலம் நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் புரட்டினோம். கண்டறிந்தவற்றை வாசகர்களோடும், விசேடமாக உயர்தர வகுப்பில் உயிரியலும் இரசாயனவியலும் பயிலும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்வது பயனுடைத்து என எண்ணுகிறோம்.

எங்கும் ஒரே உருக்கம்

இலங்கையிற் சிறுநீரக நோய் என்றதும் பலருக்கும் வடமத்திய மாகாணமே நினைவுக்கு வரும். 1990ஆம் ஆண்டுகளில் மதவாச்சி, பதவியா முதலிய பகுதிகளில், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத கமக்காரர் பலர் சிறுநீரகம் கெட்டு வைத்தியசாலைகளை நாடிய செய்தி வெளிப்பட்டது. பின்னர் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களிலும் இத்தகைய நோயாளர் கண்டறியப்பட்டனர். அந்நோயின் மூலகாரணம் இன்னும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. பொலநறுவையில் இந்நோய்க்கென்றே சீன நாட்டின் உதவியோடு பெரிய வைத்தியசாலையொன்று 2021இல் திறக்கப்பட்டது. கொழும்பிலோ நிலைமை வேறு. காலி வீதியின் இருமருங்கும் வாழும் எம்மவரின் சிறுநீரகத்தைப் பெரும்பாலும் கெடுப்பவை நீரிழிவும் உயர் குருதியமுக்கமுமே. கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லாத மாளிகாவத்தையில், சிறுநீரக நோய்க்கும் குருதிச் சுத்திகரிப்புக்கும் மாற்றுச் சத்திர சிகிச்சைக்குமான தேசிய நிலையம் இருக்கிறது. பதவியாவிலிருந்து வந்த கமக்காரரும் வெள்ளவத்தையிலிருந்து வந்த இளைப்பாறிய உத்தியோகத்தரும் ஒரே வாங்கில் அருகருகே அமர்ந்திருக்கும் இடம் அது. இருவருக்கும் சிறுநீரகம் கெட்ட காரணம் வேறு. ஆனால் கெட்டபின் தசை கரைகின்ற வழி ஒன்றுதான்.

இம்மெலிவு பெரும் பிரச்சினையாகத் தலையெடுத்ததற்கு வைத்தியத்தின் வெற்றியும் ஒரு காரணம். ஒல்லாந்து தேசத்து வைத்தியர் கோல்ஃப் என்பார் 1943இல் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். 1960இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ஸ்கிரிப்னர் என்பார், நோயாளரின் கையிலே நிலையான குழாயிணைப்பொன்றைப் பொருத்தி, மீண்டும் மீண்டும் குருதியைச் சுத்திகரிக்க வழிகண்டார். முன்னர் சில கிழமைகளில் இறந்திருக்கக்கூடியவர்கள் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழலாயினர். அங்ஙனம் வாழ்ந்தவர்கள் உண்டும் உருகினர். இது வெறும் போசாக்கின்மை அன்று, வேறொரு நிலை என்பதை வலியுறுத்திச் சர்வதேச நிபுணர் சபையொன்று 2008இல் இதற்குப் 'புரத-சக்தி மெலிவு' என்னும் பெயரை வழங்கிற்று. பெயரிடுவதற்கே நாற்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன என்பது கவனிக்கத்தக்கது.

நாள்தோறும் இடிந்து எழும் வீடு

தசை என்பது ஒருமுறை கட்டிவிட்டால் அப்படியே நிற்கும் சுவர் என்று நாம் நினைக்கிறோம். அறிஞர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். ஜேர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற ருடொல்ஃப் ஷோன்ஹைமர் என்னும் உயிரிரசாயன அறிஞர் 1930ஆம் ஆண்டுகளில் அந்த எண்ணத்தைத் தகர்த்தார். பாரமான நைதரசன் அணுக்களை அடையாளமாகச் சேர்த்த அமினோ அமிலங்களை எலிகளுக்கு உண்ணக் கொடுத்து, அவ்வணுக்கள் எங்கே போகின்றன என்று தேடினார். அவை சிறுநீரோடு வெளியேறுவதற்குப் பதிலாகப் பெருமளவில் உடலின் புரதங்களுக்குள்ளேயே புகுந்திருந்தன. உடல் தன்னை இடித்துக்கொண்டும் கட்டிக்கொண்டும் ஓயாது இருக்கிறது என்பது அப்போது தெளிவாயிற்று. அவர் 1941இல் மறைந்தார். அவருடைய புகழ்பெற்ற நூல் மறைவுக்குப் பின்னரே, 1942இல் வெளிவந்தது.

எவ்வளவு இடிகிறது, எவ்வளவு எழுகிறது? 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 280 கிராம் புரதம் சிதைந்து, அவ்வளவே மறுபடி கட்டப்படுகிறது. அவர் உண்ணும் புரதம் இதில் நான்கிலொரு பங்குதான். தசையில் ஐந்திலொரு பங்கே புரதம்; மீதி பெரும்பாலும் நீர். ஆகவே 280 கிராம் புரதம் என்பது ஏறத்தாழ 1.4 கிலோகிராம் தசைக்குச் சமம். இனி மாணவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். கட்டுவதிலும் பார்க்க இடிப்பது நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் மிஞ்சினால், நாளொன்றுக்கு 2.8 கிராம் புரதம் நட்டம். அதாவது 14 கிராம் தசை. ஒரு மேசைக்கரண்டி சீனியிலும் சற்றுக் கூடிய பாரம். ஆனால் இந்நட்டம் முழுவதும் தசையிலேயே விழுமாயின் ஓர் ஆண்டில் 5 கிலோகிராம் தசை போய்விடும். மோதிரத்துக்கு நூல் சுற்ற வேண்டிவருவது இத்தகைய சிறு மிஞ்சலால்தான்.

உருக்குவதற்கு ஒரு பட்டறை

செட்டியார் தெருவில் பழைய நகையைக் கொடுத்து உருக்கியவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பொற்கொல்லர் கண்டதையெல்லாம் எடுத்து உலையில் இடமாட்டார். இன்ன நகை உருக்கவேண்டியது என்று முதலிற் பிரித்து வைப்பார், கல்லைக் கழற்றுவார், பொருத்துக்களை வெட்டுவார், பிறகே குகையில் இட்டு உருக்குவார். எமது கலங்களுக்குள்ளும் அத்தகைய பட்டறை ஒன்று இருக்கிறது. யுபிகுயிற்றின் எனப்படும் 76 அமினோ அமிலங்களாலான சிறு புரதமே அங்கு அடையாளக் குறி. எந்தப் புரதத்தின்மேல் இக்குறி சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படுகிறதோ, அப்புரதம் புரட்டியசோம் எனப்படும் பீப்பாய் வடிவான கூட்டுக்குள் இழுக்கப்பட்டுத் துண்டு துண்டாக நறுக்கப்படுகிறது. குறி மட்டும் பழுதின்றி மீண்டுவந்து அடுத்த புரதத்துக்கு உதவுகிறது. சிதைப்பதற்குக்கூடச் சக்தி செலவழிக்க வேண்டியிருப்பது இதன் விசித்திரம். இவ்வொழுங்கை 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் துலக்கிய இஸ்ரவேல் நாட்டவர்களான ஏரன் சீக்கனோவர், அவ்ராம் ஹேர்ஷ்கோ, அமெரிக்கரான ஏர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தசை நாரில் அற்றினும் மயோசினும் கயிறு முறுக்கியதுபோல இறுகப் பிணைந்து கிடக்கின்றன. அப்பிணைப்போடு அவை பட்டறைக்குள் நுழையமாட்டா. அவற்றை முதலில் வெட்டிக்கொடுக்கும் கத்தரிகளுள் ஒன்று கஸ்பேஸ்-3 என்னும் நொதியம் என்று 2004இல் கண்டார்கள். குறியிடும் வேலைக்கும் தசைக்கென்றே தனிக் கையாட்கள் உண்டு. 2001இல், அமெரிக்காவில் வெவ்வேறு ஆய்வுகூடங்களில், அற்றோஜின்-1, மூர்ஃப்-1 என்னும் இரு நொதியங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இவற்றில் ஒன்றை ஆக்கும் பரம்பரை அலகை நீக்கிய சுண்டெலிகளின் கால் நரம்பை வெட்டியபோது, ஏனைய சுண்டெலிகளிலும் பார்க்க அவற்றின் தசை குறைவாகவே மெலிந்தது.

இனி, எம்மை வியப்பில் ஆழ்த்திய செய்திக்கு வருகிறோம். ஹாவாட் பல்கலைக்கழகத்து அல்பிரட் கோல்ட்பேர்க்கும் அவரைச் சேர்ந்தவர்களும் 2004இல் நால்வகை விலங்குகளின் தசையை எடுத்து ஒப்பிட்டார்கள். ஒருவகை பட்டினி கிடந்தது, ஒருவகைக்கு நீரிழிவு, ஒருவகைக்குப் புற்றுநோய், ஒருவகைக்குச் சிறுநீரகச் செயலிழப்பு. நோய்கள் வேறாயினும் நான்கிலும் ஏறக்குறைய ஒரே தொகுதியான பரம்பரை அலகுகள் தூண்டப்பட்டோ அடக்கப்பட்டோ இருந்தன. அற்றோஜின்-1 நான்கிலும் ஓங்கியிருந்தது. வேறு வார்த்தையிற் சொன்னால், சிறுநீரகம் கெட்டவரின் தசை பட்டினி கிடப்பவரின் தசையைப்போலவே நடந்துகொள்கிறது. அவர் முன்னே தலைவாழையிலை போட்டு அன்னம் பரிமாறினாலும் அவருடைய தசைக்குள்ளே விரதந்தான் நடக்கிறது.

பொய்ச் செய்தி

விரதம் என்ற செய்தியைத் தசைக்குச் சொல்வது யார்? சாதாரண நாட்களில் நாம் உண்டதும் இன்சுலின் சுரக்கிறது. குருதியிலுள்ள வெல்லத்தைக் குறைப்பது மாத்திரமே இன்சுலினின் தொழில் என்று எண்ணுவோர் பலர். 'வீட்டுக்கு அரிசி வந்துவிட்டது. நகையை விற்க வேண்டாம்' என்று தசைக்கு அறிவிப்பதும் அதுவே. அவ்வறிவிப்புக் கிடைத்ததும், உருக்கும் நொதியங்களை ஆக்கச் சொல்லும் ஃபொக்ஸோ என்னும் புரதம் கலத்தின் கருவிலிருந்து வெளியேற்றப்படுகிறது. சிறுநீரகம் கெட்டவரின் தசைக்கோ இன்சுலினின் குரல் சரியாகக் கேட்பதில்லை. நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளரிடத்தும் இந்தச் செவிட்டுத்தன்மை உண்டு என்பது 1981ஆம் ஆண்டளவிலேயே அளந்து காட்டப்பட்டது. குரல் கேட்காதபோது ஃபொக்ஸோ கருவுக்குள்ளேயே தங்கி, உருக்கு உருக்கு என்று கட்டளையிட்டுக்கொண்டிருக்கிறது.

இன்னொரு தூதன் அமிலம். நாம் உண்ணும் புரதத்திலுள்ள கந்தகத்திலிருந்து ஒவ்வொரு நாளும் உடலில் சிறிதளவு கந்தகவமிலம் உண்டாகிறது. அதனை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் கடமை. அதற்குச் சிறுநீரகம் கையாளும் உபாயம் அழகானது. தசையிலிருந்து வரும் குளுற்றமீன் என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்து அமோனியாவாக்கி, அமிலத்தை அதனோடு சேர்த்துச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஆகவே உடலில் அமிலம் கூடினால் தசை தன்னைக் கொஞ்சம் உருக்கிச் சிறுநீரகத்துக்குக் குளுற்றமீனைக் கொடுத்துதவுகிறது. இது நன்றாய் அமைந்த ஏற்பாடு. சிறுநீரகம் நல்லபடியாய் இருக்கும்வரை!

சிறுநீரகமே கெட்டுவிட்டால்? அமிலம் வெளியேறாது தேங்குகிறது. தேங்கிய அமிலத்தைக் கண்டு தசை மேலும் உருகுகிறது. உருகி வந்ததைப் பயன்படுத்த அங்கே ஆளில்லை. மிஞ்சிய அமினோ அமிலங்களை ஈரல் யூரியாவாக்குகிறது. அந்த யூரியாவையும் அதே பழுதான சிறுநீரகமே வெளியேற்ற வேண்டியிருக்கிறது. கடன்பட்ட மகனைக் காப்பதற்குத் தாய் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுக்க, அது கடையிற் போய்ச் சேராமல் புதிய கடனாய் வீட்டுக்கே திரும்பி வருவது போன்ற அவலம் இது. நோய் உடலைத் தின்கிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் தின்பது நோயன்று. காப்பாற்றப் புறப்பட்ட உடலே.

வில்லியம் மிச் என்னும் அமெரிக்க வைத்தியப் பேராசிரியரும் அவருடைய சகபாடிகளும் 1986இல் இதனை எலிகளிற் சோதித்தனர். அமிலம் ஏற்றப்பட்ட எலிகளின் தசை வேகமாகச் சிதைந்தது. ஆனால் அதிரீனல் சுரப்பி நீக்கப்பட்ட எலிகளில், அமிலம் இருந்தும் சிதைவு கூடவில்லை. அச்சுரப்பியின் ஓமோனைக் கொடுத்ததும் மறுபடி கூடிற்று. ஆக, அமிலம் ஒரு கையால் தட்டிய ஓசையன்று. உடலின் நெருக்கடிக்கால ஓமோனும் சேர்ந்தே தட்டுகிறது. அவர்களைச் சேர்ந்தவர்களே 1996இல், சிறுநீரகம் செயலிழந்த எலிகளின் தசையில் யுபிகுயிற்றின் பட்டறையின் பரம்பரை அலகுகள் மும்முரமாய் இயங்குவதையும், சோடியம் பைகாபனேற்றை ஊட்டி அமிலத்தைத் தணித்தபோது அம்மும்முரம் அடங்குவதையும் காட்டினர்.

வேறு தூதர்களும் உளர். நாட்பட்ட நோயில் உடலெங்கும் மெல்லிய அழற்சி கனன்றுகொண்டிருக்கிறது. அதன் இரசாயனங்களும் தசையை உருக்கச் சொல்கின்றன. குருதியமுக்கத்தை ஏற்றும் அஞ்சியோதென்சினுக்கும் இதிற் பங்குண்டு. தசை அளவுக்கு மீறி வளராமல் தடுக்கும் மயோஸ்ரற்றின் என்னும் புரதம் 1997இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது இல்லாத சுண்டெலிகள் பயில்வான்களைப்போல் இருந்தன. பெல்ஜியம் தேசத்து நீலநிறக் காளைகளின் பருத்த உடலுக்கும் அதன் குறையே காரணம். சிறுநீரகம் கெட்ட சுண்டெலிகளில் மயோஸ்ரற்றினைத் தடுத்தபோது மெலிவு தணிந்தது என்று 2011இல் அறிவித்தார்கள். எனினும் சுண்டெலிக்குக் கிடைத்த பாக்கியம் சிறுநீரக நோயாளருக்குரிய மருந்தாக இன்னும் கைக்கு வந்து சேரவில்லை.

அடுப்படியில் நடப்பது

இவ்வளவையும் வாசித்தபின் அப்பெரியவரின் கஞ்சிக் கிண்ணத்தை நினைத்துப் பார்த்தோம். தசை உள்ளே ஒரு விரதம் இருக்கிறது; வீட்டார் வெளியே இன்னொரு விரதத்தை ஏற்படுத்திவிட்டார்கள்.

வீட்டாரைக் குறை சொல்வதற்கில்லை. புரதத்தைக் குறைக்கும் முறை வைத்திய உலகிலிருந்தே வந்தது. 1963, 1964ஆம் ஆண்டுகளில் இத்தாலியில் ஜியோர்டானோ, ஜியோவனெற்றி ஆகியோர், கடுமையாய்ச் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 கிராம் புரதம் மட்டும் கொடுத்து, வாந்தியும் மயக்கமும் தணியக் கண்டார்கள். சுத்திகரிப்பு இயந்திரம் கிடைத்தற்கரியதாயிருந்த நாட்களில் அது பெரிய உபகாரம். ஆனால் அவர்கள் எஞ்சிய சக்திக்கு வேண்டிய மாப்பொருளையும் கொழுப்பையும் தாராளமாய்க் கொடுத்தார்கள்; கொடுத்த சிறிதளவு புரதத்தையும் முட்டைபோன்ற தரமான உணவிலிருந்து தெரிந்தெடுத்தார்கள். எம் வீடுகளிலோ முதலில் வெளியேறுவது முட்டைதான்.

ஆரோக்கியமானவர் புரதத்தைக் குறைத்து உண்டால் அவர் உடல் சிக்கனம் பழகிவிடும்; தசையைச் சிதைப்பதும் அமினோ அமிலங்களை எரிப்பதும் தாமாகவே குறையும். குருதியில் அமிலம் தேங்கியவரின் உடலால் இந்தச் சிக்கனத்தைப் பழக முடிவதில்லை. கஞ்சியோடு நிறுத்தினால் அவர் தசையே அவருக்குக் கறியாகிறது.

2020இல் அமெரிக்க நிபுணர் வெளியிட்ட வழிகாட்டியின்படி, சுத்திகரிப்புத் தொடங்காத நீரிழிவு நோயாளருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோகிராம் உள்ளவருக்கு 36 முதல் 48 கிராம். சுத்திகரிப்புத் தொடங்கிய அன்றோடு கணக்குத் தலைகீழாகிறது: 1.0 முதல் 1.2 கிராம், அதாவது 60 முதல் 72 கிராம். ஏனெனில் ஒவ்வொரு சுத்திகரிப்பிலும் 6 முதல் 12 கிராம் வரையான அமினோ அமிலங்கள் இயந்திரத்தோடு போய்விடுகின்றன. கிழமைக்கு மூன்றுமுறை இப்படி. நாள் முழுவதும் குடிக்கும் கஞ்சி இவ்வளவுகளிற் சிறியதற்குக்கூடப் பாதி தருவது அரிது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் மைசூர்ப் பருப்பில், வேகவைக்குமுன், ஏறக்குறைய 24 கிராம் இருக்கிறது. பருப்பில் பொற்றாசியமும் பொசுபரசும் உண்டு என்பது மெய்தான்; அதனால் எவ்வளவு, எந்த முறையில் என்று நோயாளரின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் போசாக்கு உத்தியோகத்தர் சொல்லவேண்டும். வேறு எதைத் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும், நோயாளரைப் பார்க்கப் போகும்போது செவ்விளநீர்க் குலையோடு போகும் கொழும்பு வழக்கத்தை மட்டும் இவர்கள் விடயத்திற் கைவிட வேண்டும். இளநீரின் பொற்றாசியம் சிறுநீரகம் கெட்டவரின் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது.

"அப்பாவுக்குச் சாப்பாட்டில் மனமில்லை, பிடிவாதம்" என்று மகள் குறைப்பட்டதுண்டு. பசியைத் தணிக்கும் லெப்ரின் என்னும் ஓமோனையும் சிறுநீரகமே அகற்ற வேண்டும். அது அகற்றப்படாது குருதியிலே தேங்குகிறது. உமிழ்நீரிற் கலந்த யூரியா அமோனியாவாகி வாயெல்லாம் ஒரு நாற்றச் சுவையைப் பரப்புகிறது. கந்தசஷ்டிக்கும் சிவராத்திரிக்கும் வலிந்து பசியை அடக்கிய ஒருவருக்கு இப்போது பசியே எடுப்பதில்லை. இதனைப் பிடிவாதம் என்பது நியாயமாகாது. நோயுற்றோரையும் முதியோரையும் விரதத்திலிருந்து விலக்கி வைக்கும் நல்ல வழக்கம் எம் குடும்பங்களில் இருந்தே வருகிறது; சிறுநீரக நோயாளரை அதில் முதலாவதாய்ச் சேர்க்கலாம்.

அப்பச்சோடாவும் கதிரையும்

தசை உருகுவதற்கு அமிலம் ஒரு காரணமாயின் அதனைத் தணித்துப் பார்க்கலாமன்றோ? தணிக்கும் மருந்து எம் அடுப்படியிலேயே இருக்கிறது. அப்பத்துக்கு மா புளிக்கும்போது இடுகின்ற அப்பச்சோடாவும் வைத்தியர் கொடுக்கும் சோடியம் பைகாபனேற்று வில்லையும் ஒரே பொருள். 2009இல் லண்டன் வைத்தியசாலையொன்றில் 134 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இவ்வில்லையை இரண்டாண்டுகள் கொடுத்த பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. வில்லை உண்டவர்களின் சிறுநீரகம் மெதுவாகவே கெட்டது. மேற்கையின் தசைச் சுற்றளவும் கூடியிருந்தது. இதை வாசித்து நாம் துள்ளிக் குதிக்க இருந்தோம். ஆனால் 2020இல் பிரித்தானியாவில் 60 வயதுக்கு மேற்பட்ட 300 பேரிடம் செய்த இன்னொரு பரிசோதனையில், ஓராண்டு வில்லை உண்டும் அவர்களின் உடல் வலுவில் முன்னேற்றம் தென்படவில்லை. அமிலம் எவ்வளவு தேங்கினால், எந்த வயதினருக்கு இது உதவும் என்பதில் நிபுணர்களிடையே இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. எனவே எவரும் தாமாக அப்பச்சோடாவைக் கரைத்துக் குடிக்கத் தொடங்கவேண்டாம். அதிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கி மூச்சுத் திணறலை உண்டாக்கலாம்.

கருத்து வேற்றுமை குறைந்த ஒன்று தேகாப்பியாசம். 2001இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சிறுநீரகம் பழுதான 26 முதியோருக்குக் கிலோகிராமுக்கு 0.6 கிராம் என்ற குறைந்த புரத உணவே கொடுக்கப்பட்டது. அவர்களிற் ஒரு பிரிவினர் கிழமைக்கு மூன்று நாள் பாரம் தூக்கும் பயிற்சி செய்தனர். 12 கிழமைகளின் பின் அவர்களின் தசைநார் பருத்திருந்தது, வலு கூடியிருந்தது. அதே உணவை உண்டு பயிற்சி செய்யாதிருந்தவர்கள் மெலிந்தார்கள். இழுபடும் தசை, 'என்னை விற்காதே, எனக்கு வேலையிருக்கிறது' என்று தன் குரலிலேயே அறிவித்துவிடுகிறது போலும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மின்தூக்கி வந்த நாள்முதல் எம் முதியோர்க்குப் படியேறும் வேலையும் இல்லாமற் போயிற்று. மாலையில் கடற்கரை வீதியில் உலாவுவது நல்லது. ஆனால் மெலிந்தவருக்கு உலாவினால் மட்டும் போதாது, தசையை எதிர்த்து இழுக்கும் வேலை வேண்டும். கதிரையில் இருந்து எழும்பி மறுபடி இருப்பதுகூட அத்தகைய வேலையே. அதுவே அளவுகோலும் ஆகும். கையை ஊன்றாமல் ஐந்து முறை எழும்பி இருப்பதற்கு 12 செக்கன் அல்லது அதற்கு மேல் எடுத்தால் வலுக்குறைவை ஐயுற வேண்டும் என்று ஆசிய நிபுணர் குழுவொன்று 2019இல் வரையறுத்திருக்கிறது.

துண்டில் எழுதப்படாதது

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. நிறை ஏன் குறையவில்லை என்பது எளிது. தசை போன இடத்தில் நீர் வந்து நின்றது. பெரியவரின் கால்கள் வீங்கியிருந்தன, விரல்கள் மெலிந்திருந்தன. தராசுக்கு நீரும் தசையும் ஒன்றே.

கிரியேற்றினின் இறங்கியது எப்படி? அப்பெயரிலேயே விடை இருக்கிறது. 'கிரேயஸ்' என்றால் கிரேக்க மொழியில் இறைச்சி. பிரான்சிய இரசாயன அறிஞர் செவ்ரோல் 1832இல் இறைச்சிச் சாற்றிலிருந்து கிரியேற்றின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து அப்பெயரைச் சூட்டினார். தசையிலுள்ள அந்தக் கிரியேற்றினில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஒவ்வொரு நாளும் கிரியேற்றினினாக மாறிக் குருதியிற் கலக்கிறது. சிறுநீரகம் அதனை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் கெட்டால் அது குருதியில் ஏறும். மெய். ஆனால் அதனை உண்டாக்கும் தசையே குறைந்துவிட்டால் சிறுநீரகம் சற்றும் தேறாமலே அது இறங்கும். வாய்க்கால் அடைபட்டிருக்க, ஊற்று வற்றியதால் நீர்மட்டம் தாழ்ந்த கதை. சுத்திகரிப்பிலிருக்கும் நோயாளரிடையே, குருதியில் கிரியேற்றினின் மிகக் குறைந்தவர்களே அதிகமாய் இறக்கிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தசையை அவ்வளவு சாராத சிஸ்ரற்றின்-சி என்னும் வேறொரு பொருளை அளந்தும் சிறுநீரகத்தின் நிலையைக் கணிக்கலாம். அதற்குச் செலவு கூடுதல்.

நாம் மகிழ்ந்து பார்த்த அந்தத் துண்டு, மகிழ்வதற்குரியது அன்று.

பெரியவருக்கு இப்போது காலையில் ஒரு முட்டை உண்டு. அளந்த பருப்பும் சிறு துண்டு மீனும் மீண்டு வந்திருக்கின்றன. வைத்தியர் எழுதிக்கொடுத்த பைகாபனேற்று வில்லையை உண்கிறார். நாளுக்கு இருமுறை, மகள் அருகே நிற்க, சாப்பாட்டு மேசையின் விளிம்பை ஒரு கையால் மட்டும் பிடித்துக் கதிரையிலிருந்து எட்டுத் தடவை எழும்பி இருக்கிறார். சென்ற வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போகவேண்டும் என்று கேட்டாராம். கருங்கற்படிகளில் ஏற இருவர் தோள்கொடுத்தார்களாம். அடுத்த மாதம் சிகிச்சை நிலையத்துக்குப் போகும்போது கொண்டுபோவதற்கு ஆய்வுகூடத் துண்டோடு இன்னொரு கடதாசியையும் மகள் எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒவ்வொரு கிழமையும் கதிரையிலிருந்து எழும்ப எடுத்த செக்கன்களும், மோதிரத்தில் எத்தனை சுற்று நூல் என்பதும் குறிக்கப்பட்டிருக்கின்றன. நூல் இன்னும் குறையவில்லை. கூடவுமில்லை.